விளக்கைத் தொடக்கூடாதவள்

கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கும்போதே வாரிஜாவுக்குத் தெரிந்துவிட்டது, இன்று இந்த வீட்டில் யாராவது ஒருத்தர் அழாமல் காலை கழியாது என்று. அந்த ஒருத்தர் எப்போதும் அவள்தான் என்பதால் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

“அந்தப் பையைத் தெற.”

கூடத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள் கிரிஜக்கா. வாரிஜாவின் புருஷனுக்கு அக்கா. துளு நாட்டு வழக்கப்படி பெண்ணுக்கே வரும் தாய்வழிச் சொத்தான வீடும், பாக்குத் தோட்டமும், பின்கட்டைத் தாண்டி இருக்கும் ஜுமாதி தெய்வத்தின் சாமி வீடும் அவளுடையவை. தம்பி பெண்டாட்டி நாற்பது வருஷம் இருந்தாலும் இங்கே வந்து தங்கியவள்தான்.

“துணியும் ஃப்ளாஸ்கும்தான்க்கா இருக்கு.”

“ஃப்ளாஸ்க்கைத்தான் பார்க்கணும்.”

மூடியைத் திருகி மோந்து பார்த்தாள். வெந்நீர். ஏமாற்றம் தாங்காமல் அதை அப்படியே வாரிஜாவின் காலடியில் கவிழ்த்தாள். பாதம் வெந்தது. வாரிஜா பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

“நாளைக்கு என் தம்பி நெஞ்சைப் பொளக்கப் போறாங்க. அங்க வந்தும் குடிச்சுட்டு விழுந்து கெடந்தேன்னு வச்சுக்கோ, ஆஸ்பத்திரி மாடியிலேர்ந்து நானே தள்ளிவிடுவேன்.”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாரிஜாவின் புருஷன் ஜின்னப்ப பூஜாரி தலை நிமிரவில்லை. கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் நடுங்கி வேட்டியில் சிந்தியது. “பாரு, எப்படி நடுங்குது... நெஞ்சு பலவீனம்” என்று கிரிஜக்கா முந்தானையால் துடைத்துவிட்டாள். அது எந்த நடுக்கம் என்று வாரிஜாவுக்குத் தெரியும். விடியற்காலையில் ஒரு வாய் பிராந்தி ஊற்றிக் கொடுத்தவளே அவள்தான். அது போதவில்லை.

ஜின்னப்பா ஜுமாதியின் வாளைப் பிடிப்பவர். மாதப் பிறப்பான சங்கராந்திதோறும் பட்டு கட்டி, வாளேந்தி நின்றால் தெய்வம் அவர்மேல் வரும். ஊர் வழக்கு, எல்லைச் சண்டை, களவு எல்லாவற்றுக்கும் அவர் வாயில் வருவதே தீர்ப்பு. இந்த வாளைப் பிடிக்கிறவன் சாராயத்தைத் தொடமாட்டேன் என்று சாமி வீட்டு மணியைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்க வேண்டும். அவரும் செய்தார். அப்புறம் தூக்கம் போனது. அப்புறம் பிராந்தி வந்தது. பீடி சுற்றிய காசில், ஊர்க்கண் படாத தூரத்துக் கடையில் முக்காடு போட்டு நின்று வாங்கி வந்தவள் வாரிஜா. ஒருநாள் பீடித் தட்டுக்குக் கீழே பாட்டில் அகப்பட்டபோது, புருஷனுடைய முகம் செத்துப்போனதைப் பார்த்து, “என்னோடதுதான்” என்று ஒரே வார்த்தையில் வாங்கிக்கொண்டவளும் அவள்தான்.

அன்றிலிருந்து அவள் குடிகாரி. சாமி வீட்டு விளக்கை அவள் தொடக்கூடாது. வாசல் வரை கூட்டலாம், படியேறக் கூடாது. ஜின்னப்பா அதைப் பார்த்துக்கொண்டேதான் ஒவ்வொரு மாதமும் பட்டு கட்டினார். மனுஷனுக்கு நாக்கு எதற்கு இருக்கிறது என்று சில சமயம் அவளுக்கே தோன்றும். வெளியே சொன்னதில்லை.

*

மங்களூர் ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் மயக்க மருந்து டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாள். நந்தினி ஷெனாய். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

“குடிப்பழக்கம் உண்டா?”

கிரிஜக்கா சிரித்தேவிட்டாள். “யாரு, இவனா? தெய்வத்தோட வாள் பிடிக்கிறவன்ம்மா. குடிகாரி வேணும்னா இதோ உக்காந்திருக்கா, இவளைக் கேளுங்க.”

கிரிஜக்காவின் மகன் யதீஷ் கதவருகே நின்று அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்தான். ஆள் வாட்டசாட்டமானவன். மாமன்மேல் உயிர். மாமிமேல் எதுவும் கிடையாது.

டாக்டர் ஜின்னப்பாவின் விரல்களைப் பார்த்தாள். பிறகு வாரிஜாவைப் பார்த்தாள்.

வெளியே வந்து லிஃப்ட் வரை போனதும் வாரிஜா, “ஃப்ளாஸ்க்கை விட்டுட்டேன்” என்று திரும்பி ஓடினாள். கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே கொட்டினாள். எவ்வளவு குடிப்பார், எத்தனை காலமாக, கடைசியாக எப்போது... எல்லாம்.

“நல்லவேளை சொன்னீங்க” என்றாள் டாக்டர். “உக்காருங்கம்மா. மயக்கம் குடுக்க ரெண்டு வழி இருக்கு. மூச்சுல போற வாயு, நரம்புல போற மருந்து. இதய ஆபரேஷன் ஆன வயசானவங்க பலபேர் எழுந்த பிறகு ரெண்டு மூணு நாள்ல புத்தி தடுமாறிப் பேசுவாங்க. எந்த மயக்கம் குடுத்தா அது வராதுன்னு இன்னைக்கும் யாராலும் அடிச்சுச் சொல்ல முடியலை. பெரிய பெரிய டாக்டர்களே சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. ஆனா குடி இருக்குன்னு தெரிஞ்சா நான் போட்ட கணக்கே வேற. நரம்பு மருந்தே குடுக்கறேன், நெத்தியில பட்டை ஒட்டி மூளை எவ்வளவு ஆழத்துல தூங்குதுன்னு பார்த்துப் பார்த்துக் குடுக்கறேன். முக்கியம் அதுக்கப்புறம்தான். குடி திடீர்னு நின்னா உடம்பு ஒரு ஆட்டம் ஆடும். அதுக்குத் தயாரா இருப்போம்.”

“இது வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்மா.”

“என் வாய்லேர்ந்து வராது.”

வாரிஜா வெளியே வந்தபோது யதீஷ் எதிரே நின்றான். “ஃப்ளாஸ்க் எங்க?”

அவள் கை வெறுமையாக இருந்தது. ஃப்ளாஸ்க் வீட்டுக் கூடத்தில் கவிழ்ந்து கிடந்தது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

*

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள் ஜின்னப்பா கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டு, அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். கிரிஜக்கா வராந்தாவில் எல்லோருக்கும் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தாள். வாரிஜாவுக்கும் ஒன்று வந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் ஆரம்பித்தது. கட்டிலுக்கடியில் எருமை நிற்கிறது, பிடித்துக் கட்டு என்று நர்ஸைத் திட்டினார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தார். வீட்டு ஆட்களைப் பார்த்தால் தெளிவார் என்று மூன்று பேரையும் உள்ளே விட்டார்கள்.

வாரிஜாவைப் பார்த்ததும் அவர் உடம்பு விறைத்தது.

கழுத்தில் செருகியிருந்த குழாயை ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்தார். ரத்தம் கட்டில், திரை, நர்ஸின் முகம் என்று பீய்ச்சியது. நெஞ்சில் புதுத் தையலோடு அந்த மனுஷன் கட்டிலைவிட்டுக் குதித்து, மருந்துப் பாட்டில் தொங்கிய இரும்புக் கம்பியைத் தூக்கிப் பிடித்து, இடது காலை முன்னே வைத்து, தோளைக் குலுக்கி நின்றார். தொண்டையிலிருந்து நீளமாக ஒரு கூவல் வந்தது. கிரிஜக்கா அங்கேயே கைகூப்பி மண்டியிட்டாள். மாதா மாதம் கேட்ட கூவல். மாதா மாதம் பார்த்த நிலை.

“என் மண்ணில் பிறந்தவர்களே, கேளுங்கள். என் வீட்டுக் கிணற்றில் விழுந்த பிள்ளை விழவில்லை. தள்ளப்பட்டான். தள்ளிய கை இதோ நிற்கிறது.”

கம்பி சுழன்று வாரிஜாவின் நெற்றியில் இறங்கியது. எலும்பில் இரும்பு பட்ட சத்தம் அவளுக்கு உள்ளிருந்து கேட்டது. விழுந்தவள்மேல் இன்னும் ஒரு அடி, தோளில். மூன்றாவதற்குள் நாலு பேர் பாய்ந்து அவரை அமுக்கினார்கள். அவர் ஒருத்தன் கையைக் கடித்தார், ஒருத்தியின் வயிற்றில் உதைத்தார், தையலெல்லாம் தெறித்துவிடும் போலக் கத்தினார். கடைசியில் கைகால்களைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள்.

வாரிஜாவின் கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அந்தச் சிவப்பில் அவளுக்குத் தெரிந்தது கிணறு.

சேஸப்பா, ஜின்னப்பாவின் தம்பி. மீசை அரும்பாத பையன். தூர்வார இறங்கும்போது கயிறு அறுந்தது. அன்று கிரிஜக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள், வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். ஜின்னப்பா மேலே நின்று அலறினார், கால் நகரவில்லை. இறங்கியது வாரிஜா. வயிற்றில் நாலு மாசம். கல்லில் மோதி, சேஸப்பாவின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றபோதே அவன் உடம்பு தொங்கிவிட்டது. அன்று சாயங்காலம் அவளுடைய பிள்ளையும் போனது, அதன் பிறகு வயிறு திறக்கவே இல்லை. ஓடிவந்த ஊர், “யார் எறங்கினது?” என்று கேட்டபோது ஜின்னப்பா, “நான்தான்” என்றார். அவள் ஈரப்புடவையோடு உள்ளறை மூலையில் யார் கண்ணிலும் படாமல் சுருண்டு கிடந்தாள். மறுக்கவில்லை. பெண்டாட்டி குதித்தாள், ஆண்பிள்ளை நின்று பார்த்தான் என்று ஊர் சொன்னால் இந்த மனுஷன் எப்படி வாழ்வார் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் அவள் செய்த முதல் தப்பு என்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதன் வழியே வந்தவை.

*

வராந்தாவில் யதீஷ் அவளைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்தான்.

“டாக்டர்கிட்ட ரகசியமா என்னடி சொன்னே? நீ போயிட்டு வந்தப்புறம்தான் மருந்தையே மாத்தினாங்களாம், நர்ஸ் சொன்னா. எங்க மாமாவைப் பைத்தியமாக்க என்ன சொல்லிக் குடுத்தே?”

“நான் ஒண்ணும்...”

அறை விழுந்தது. கட்டுப்போடாத நெற்றியிலிருந்து ரத்தம் அவன் சட்டையில் தெறித்தது. கிரிஜக்கா தடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அது வேறு அழுகை.

“விடுடா, அவளைத் தொடாதே, கை நாறிடும். சேஸு... என் சேஸுவைத் தூக்கி வளர்த்தவடி நான். நான் சோறு போட்டேனே உனக்கு... அவன் எலும்பு மேல உக்காந்து தின்னியா இத்தனை வருஷமும்?”

“அக்கா, அவருக்குப் புத்தி தடுமாறியிருக்கு. எருமை நிக்குதுன்னாரே, கேட்டீங்களே...”

“எருமையை நான் பார்க்கலை. குரலைக் கேட்டேன். நாப்பது வருஷமாக் கேக்கற குரல் எனக்குத் தெரியாதா?”

டாக்டர் ஷெனாய் வந்து இருவரையும் விலக்கி, வாரிஜாவைத் தன் அறைக்கு இழுத்துப் போனாள். தையல் போட்டுக்கொண்டே டாக்டர் பேசினாள்.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் வலிப்பு வந்து ஆளே போயிருப்பாரு. சொன்னதாலதான் சரியான மருந்தை உடனே ஏத்த முடிஞ்சுது. ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிடுவாரு. இது தெய்வமும் இல்லை, பேயும் இல்லை. அவங்களைக் கூப்பிட்டு நான் சொல்லிடட்டுமா?”

“எதைச் சொல்லுவீங்க?”

“இது மூளைக் குழப்பம்னு.”

“அதைச் சொல்லிப் பாருங்க, நம்ப மாட்டாங்க. நம்பணும்னா குடியையும் சேர்த்துச் சொல்லணும். அது வேண்டாம்.”

“உங்களைக் கொலைகாரிங்கறாங்கம்மா.”

“சத்தியம் மீறினவன்னு தெரிஞ்சா அவர் கையிலேர்ந்து வாளைப் புடுங்கிடுவாங்க. வாள் இல்லாம அவருக்கு ஒண்ணுமே கெடையாது. பூமியில் அவர் பேருக்கு ஒரு மரம்கூட இல்லை.” தையல் ஊசியைப் பார்த்தபடி சொன்னாள்: “எனக்குத்தான் கெட்ட பேர் பழக்கமாச்சே.”

அன்று மாலையே யதீஷ் வண்டி வைத்து அவளை வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினான். இறக்கினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவளுடைய பெட்டியைக் கோடாலியால் உடைத்து, புடவைகளையும் பீடித் தட்டையும் முற்றத்துச் சேற்றில் வாரி எறிந்தான். கத்தரிக்கோல் பறந்து வந்து அவள் முழங்காலைக் கீறியது. அக்கம்பக்கத்து வீட்டார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். வாரிஜா இரண்டு புடவையை உதறி எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் அவளுடைய அம்மா வழியில் வந்த வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதற்குச் சாவி அவள் இடுப்பில் எப்போதும் உண்டு. துளு நாட்டுப் பெண்ணுக்கு அந்த மட்டுக்கும் அதிர்ஷ்டம்.

*

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஜின்னப்பா தெளிந்து வீடு வந்துவிட்டார் என்று படகுக்காரன் சொன்னான். அவர் வந்து கூப்பிடுவார் என்று முதல் வாரம் காத்திருந்தாள். இரண்டாவது வாரம் காத்திருக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காத்திருந்தாள். அப்புறம் ஆள் வந்தது. கூப்பிட்டு அனுப்பியது கிரிஜக்கா. சங்கராந்தியன்று சாமி வீட்டுக்கு வந்து, வாளில் கைவைத்து, ஜுமாதியின் முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

போகாமல் இருக்கலாம். போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். போய், ‘தள்ளவில்லை’ என்று சொன்னால் தெய்வத்தைப் பொய்யன் என்றதாக ஆகும். ‘அன்று பேசியது தெய்வமே இல்லை, குடி’ என்று சொன்னால் புருஷன் ஒழிந்தான். வழி நெடுக வாரிஜா மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில், ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டு வந்துவிடுவது என்று முடிவுசெய்தாள். அதில்தான் அவளுக்குத் தேர்ச்சி.

முற்றம் நிறைய ஜனம். ஊர்த் தலைமைக் குடும்பமான குத்து வீட்டின் ரகுராம ஷெட்டி வழக்கம்போல மரநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படியேறக்கூடாதவள் என்பதால் அவளைச் சாமி வீட்டுத் தூணோரம் நிறுத்தினார்கள். நெற்றித் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

ஜின்னப்பாவை யதீஷ் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். பட்டு இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார். இருமினால் நெஞ்சுத் தையல் பிரியாதிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னத் தலையணையை மார்போடு அணைத்திருந்தார். அவளைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது...” என்றார், “இது யார் அடிச்சது?”

“தெய்வம் அடிச்சது” என்றாள் கிரிஜக்கா. “உனக்குத் தெரியாது, விடு.”

“நான் அடிச்சேனா?”

“நீ இல்லைங்கறேனே. ஜின்னு, வாளைப் பிடி. அன்னிக்குச் சொன்னதை ஜுமாதியே ஊர் முன்னால இன்னொரு தரம் சொல்லட்டும்.”

மேளம் அதிர்ந்தது. தலையணையை யதீஷ் வாங்கிக்கொண்டான். வாள் கைக்கு வந்தது. கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன கை. தோள் குலுங்கத் தொடங்கியது. இடது கால் முன்னே வந்தது. அவர் வாளை ஓங்கியபடி ஒவ்வொரு அடியாகத் தூணை நோக்கி வந்தார். வாரிஜா கண்ணை மூடவில்லை. கொல்வதென்றால் முகத்தைப் பார்த்துக் கொல்லட்டும் என்று நின்றாள்.

வாள் இறங்கியது. யாரோ ஒருத்தி அலறினாள்.

வாரிஜாவின் தலைக்கு ஒரு சாண் மேலே தூணில் வாள் புதைந்து அதிர்ந்துகொண்டிருந்தது. ஜின்னப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் காலடியில் சரிந்தார்.

“வரலை” என்றார்.

மேளம் நின்றது.

“வரலை. கூப்பிட்டுப் பார்த்தேன். வரலை.” மூச்சு இரைத்தது. “ஆஸ்பத்திரியிலயும் வரலை. அன்னிக்கு வந்தது ஜுமாதி இல்லை. பிராந்தி. வருஷக்கணக்கா ராத்திரி தவறாம நான் குடிச்ச பிராந்தி. குடி நின்ன உடம்பும் அறுத்த நெஞ்சுமாச் சேர்ந்து என் வாய்ல பேசிச்சு.”

“டேய்... என்னடா உளர்றே” என்றாள் கிரிஜக்கா. “குடிச்சது இவ. நானே பாட்டிலை எடுத்தேன்.”

“எனக்கு வாங்கி வந்த பாட்டில். நான் மாட்டிக்காம இருக்கணும்னு தன்னோடதுன்னு சொன்னா. நீங்க அவ கால்ல வெந்நீரைக் கவிழ்த்தப்ப நான் கஞ்சி குடிச்சுட்டு இருந்தேன். டாக்டர்கிட்ட ரகசியமாப் போய்ச் சொன்னதும் இதைத்தான். சொல்லலைன்னா நான் இன்னிக்கு இல்லை. அந்த டாக்டரம்மாகிட்ட என் பொண்டாட்டி எங்கன்னு தினமும் கேட்டேன், அவங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க... உங்களுக்காக அவங்க சொன்னதை இனி நீங்கதான் சொல்லணும்னு. வீட்டுக்கு வந்தும் இத்தனை நாள் வாய் வரலை எனக்கு. இந்தக் காயத்தைப் பார்த்தப்புறம்...”

“அப்ப கெணறு?”

“கயிறு அறுந்துதுக்கா. நான் மேல நின்னு கத்திட்டு இருந்தேன். எறங்கலை. எறங்கினேன்னு ஊருக்குச் சொன்னது பொய். எறங்கினது இவ. வயித்துல புள்ளையோட.”

கிரிஜக்கா மெல்ல எழுந்து வந்தாள். தம்பியின் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி, கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும். மறுபடியும். “மலடின்னேனே... நாப்பது வருஷம் வாய்க்கு வாய் மலடின்னு கூப்பிட்டேனே, கேட்டுக்கிட்டுதானே இருந்தே... கேட்டுக்கிட்டுதானேடா இருந்தே...” ஒவ்வொரு அறைக்கும் ஒரு வார்த்தை. ஜின்னப்பா கையை உயர்த்தவில்லை. அவர் உதடு கிழிந்து பட்டில் ரத்தம் சொட்டியது. யதீஷ் தலையணையைப் பிடித்தபடி சிலையாக நின்றான்.

வாரிஜாதான் குறுக்கே விழுந்து கிரிஜக்காவின் கையைப் பிடித்தாள். “போதும்க்கா. தையல் பிரிஞ்சிடும்.”

“இன்னும் இவனுக்காகப் பேசறியா?”

“இவருக்காக இல்லை. இன்னொரு தரம் அறுத்துத் தைக்கறப்ப என்னால வராந்தாவுல நிக்க முடியாது.”

கிரிஜக்கா தம்பியை விட்டுவிட்டு அவளையே கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு, வயசான உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். “என் சேஸு கடைசியா உன் கையிலயா இருந்தான்? பயந்தானா? ஏதாவது சொன்னானா?”

“நான் பிடிச்சுத் தூக்கும்போதே போயிட்டான்க்கா. தனியாப் போகலை. மடியிலதான் வச்சிருந்தேன்.”

இத்தனை வருஷம் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அப்போதுதான் அவளும் அழுதாள்.

ரகுராம ஷெட்டி எழுந்து தொண்டையைக் கனைத்தார். “ஜின்னப்பா, இனி வாள் உன் கையில் இல்லை. நீ சொன்ன பழைய தீர்ப்பெல்லாம் என்ன கதின்னு ஊர் உக்காந்து பேசணும்.”

“எந்த நாள் அது வந்துது, எந்த நாள் நான் பேசினேன்னு எனக்கே தெரியாது எஜமானரே” என்றார் ஜின்னப்பா. இடுப்பிலிருந்த பட்டுத் துணியை அவிழ்த்து மடித்து, படியில் வைத்தார். உள்வேட்டியோடு நின்ற அவரைப் பார்த்துச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. சாமி வீட்டில் இன்னும் விளக்கேற்றவில்லை. கிரிஜக்கா தீப்பெட்டியைக் கொண்டுவந்து வாரிஜாவின் கையில் வைத்தாள்.

“ஏத்து.”

“படி ஏறலாமாக்கா?”

கிரிஜக்கா குனிந்தாள். முந்தானையால் அந்தப் படியைத் துடைத்தாள்.

வாரிஜா ஏறினாள். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவதும். மூன்றாவது பற்றிக்கொண்டது. சுடர் நின்றதும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி, நேராக முற்றத்தைக் கடந்து ஆற்றுப் பாதையில் நடக்கத் தொடங்கினாள்.

“மாமி” என்று யதீஷ் ஓடிவந்தான். சேற்றில் முட்டி போட்டான். “இங்கயே இருங்க மாமி. என் கையை வேணும்னா உடைங்க.”

“உன் கை உனக்கு வேணும், உங்கம்மாவைப் பார்த்துக்க. என் வீடு அக்கரையில இருக்கு. வரணும்னா வா, கஞ்சி ஊத்தறேன். கழுத்தைப் பிடிச்ச ஞாபகம் எனக்குப் போக நாளாகும், அதையும் சொல்லிடறேன்.”

அவன் கையிலிருந்த தலையணையை வாங்கிக்கொண்டாள். பின்னால் செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே நடையைக் குறைத்தாள். கொஞ்ச தூரத்தில் ஜின்னப்பா இருமத் தொடங்கியதும் நின்று, தலையணையை அவர் மார்பில் அழுத்திக் கொடுத்தாள்.

“ஏன் வர்றீங்க?”

“அங்க எனக்கு ஒண்ணும் இல்லை.”

“இங்க மட்டும் என்ன இருக்கு? ஒரு சொட்டு கெடைக்காது. வாங்கிட்டு வரவும் ஆள் இல்லை.”

“தெரியும்.”

“ராத்திரி தூக்கம் வராது உங்களுக்கு.”

“வராது.”

“கெணறு வரும்.”

“வரட்டும்” என்றார். “இனிமே நீ எறங்க வேண்டாம். நான் எறங்கறேன்.”

அவள் படகுத்துறையில் அவரை முதலில் ஏற்றி, கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தான் பின்னால் ஏறினாள்.